சாட்சி சொல்லும் ஞாயிறு

லாபிஸில் தண்டவாளம் தாண்டி
பழைய கிராணி வீட்டைச் சபை வாடகைக்கு எடுத்தபோது
பெயர்ப்பலகை வேண்டாமென்றார் பாஸ்டர்.
தபால்காரர் எங்களைத் தையல் வீடு என்கிறார்.
மெஷின் ஒன்றே ஒன்றுதான்.
அதற்கும் ஊசி வளைவு.

அவள் வந்த இரவு
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
போலீஸ் வேனிலிருந்து இறங்கினாள்.
நெகிழிப் பைக்குள்
ஒற்றைச் செருப்பு, சார்ஜர், பாதி பாக்கெட் மீ.
பாஸ்போர்ட் யாருடைய மேசைக்குள்ளோ.

பசியாறினாயா என்றேன்.
"ரூமுக்கு வெளிய தாப்பா இருக்கா?" என்றாள்.

இருந்தது.
கிராணி காலத்துத் தாழ்ப்பாள், நான் கவனித்ததே இல்லை.
திருப்புளி தேடிக் கழற்றி முடிக்க முக்கால் மணி ஆயிற்று.
துருவேறிய நான்கு ஆணிகளை
அவள் கையில் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டாள்.

மறுநாள் பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபிக்க வந்தார்.
நல்ல மனுஷர், பால் வெட்டியவர் பிள்ளை.
கை நெருங்குமுன்
அவள் சுவரோடு சுவரானாள்.
அன்றிலிருந்து அவர்
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு,
வாத்தியாரிடம் மாட்டிய பையன்போல
வாசலில் நின்றே ஜெபிக்கிறார்.
ஜெபம் சுருங்கிவிட்டது. அதுவும் நல்லதுக்கே.

அவள் மணிக்கட்டின் சிவப்புக் கயிற்றைப் பற்றி
கமிட்டியில் ஒருவர் கேட்டார்.
கயிறு அவளுடையது என்று சொல்லி
தேநீர் ஊற்றினேன்.

மூன்றாம் வாரம் என் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டாள்.
சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளினாள்.
"எம்பேர்ல எவ்வளவு ஏத்திருக்கீங்க?"

அங்கே ஒரு நோட்டு இருந்ததாம்.
டிக்கெட், சோப்பு, படுக்கை, காய்ச்சல் மாத்திரை.
எத்தனை இரவு கழித்தாலும்
அடியில் எண் ஏறிக்கொண்டே போனதாம்.

என் நோட்டை அவள் முன்னே விரித்தேன்.
அரிசி. வெங்காயம். கேஸ். முட்டை.
வரிவரியாய் விரல் வைத்துப் படித்தாள், ஒரு மணி நேரம்.
கடைசியில்
"முட்டைக் கூட்டல் தப்பு" என்றாள்.
ஆமாம். இரண்டு வெள்ளி நாற்பது காசு.

ஜொகூர் பாருவிலிருந்து பஸ் பிடித்து
ஒரு சபை எங்களைப் பார்க்க வருவதாய்ச் செய்தி.
சகோதரி யாராவது சாட்சி சொன்னால் நன்றாயிருக்கும் என்றார்கள்.
கூரை ஒழுகுகிறது.
கேட்டேன். இன்றைக்கும் கூசுகிறது, ஆனாலும் கேட்டேன்.

"சாட்சியா? அதான் செகாமட் கோர்ட்ல சொல்லணுமே.
அங்க சொன்னா அவன் உள்ள போவான்.
இங்க சொன்னா?"

நான் கூரையைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்படியில் வடை சுட்டாள்.
சாட்சி நேரத்தில் நான் எழுந்து
தாழ்ப்பாள் கழற்றியதைச் சொன்னேன்,
அரிசி விலை சொன்னேன், உட்கார்ந்தேன்.
யாரும் அழவில்லை.
காணிக்கை அறுநூற்றுச் சொச்சம்.
பாதிக் கூரைக்கு ஆச்சு.

செகாமட்டில் மொழிபெயர்ப்பாளர் பெயர் கேட்டார்.
"தில்லைக்கரசி" என்றாள்,
பின்வரிசை வரைக்கும் கேட்டது.
நான் அதுவரை கேட்டிருக்கவில்லை.
என் பதிவேட்டில் அவள்
அறை இரண்டு.

மூன்று மணி நேரம் நின்றாள்.
அந்த வக்கீல் கேட்டதையெல்லாம் நான் எழுதமாட்டேன்.

வெளியே வந்து மைலோ ஐஸ் வேண்டுமென்றாள்.
கிளாஸை வாங்கக் கையை விரித்தபோது
உள்ளங்கையில் நான்கு குழி, சிவந்து,
ஒன்றில் லேசாய் ரத்தம்.
ஆணிகளை மேசையில் வைத்துவிட்டு
உறிஞ்சிக் குடித்தாள்.

எனக்கு வாயில் ஒரு வசனம் வந்தது.
விழுங்கிவிட்டேன்.

தீர்ப்பு தள்ளிப்போயிருக்கிறது.
மழை பெய்தால் சமையலறையில் வாளி வைக்கிறோம்.
முட்டைக் கணக்கு
இப்போது அவள் எழுதுகிறாள்.