ஆறாவது நிமிஷம்

அக்டோபரிலேயே ஆரம்பித்துவிட்டோம்.
ஒத்திகையில் அவர் பதிவுசெய்து வந்த வெடிச்சத்தம்,
கைபேசியில், ஒலி ஒன்றில்.
பக்கத்து அறையில் யாரோ பிஸ்கட் உறை பிரிப்பதுபோல் இருக்கும்.
அதற்கொரு துண்டு கோழி ஈரல்.
ஒலி இரண்டு. ஈரல்.
ஒலி நான்கில் சோளி எழுந்துபோய்
சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே
மூஞ்சியைச் செருகிக்கொண்டாள்.
இழுக்காதீர்கள் என்றார் டாக்டர் மரிசெல்.
நாளைக்கு மறுபடி முதலிலிருந்து.

டிசம்பர் கடைசியில் ஏழுக்கு வந்திருந்தோம்.
வானத்தின் ஒலி எத்தனை என்று
எந்தக் கைபேசியிலும் போட்டிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் காளிராஜன்
சிவகாசியில் குழாய்க்கு மருந்து செலுத்தியவர்.
இங்கே ராஸ் அல் கைமாவில்
கடலில் நிறுத்திய மிதவைமேல் ஒயர் இணைக்கிறார்.
ஊரே அண்ணாந்து பார்க்கும் எட்டு நிமிஷத்தில்
அவர் கை இருக்கிறது.
அந்தக் கையைத்தான் சோளிக்கு
உலகத்திலேயே பிடிக்கும்.
இதை யாரிடம் போய்ச் சொல்ல.

மருந்து என்றால் எங்கள் வீட்டில் இரண்டு.
ஒன்று அவர் தொடுவது.
இன்னொன்று டாக்டர் கொடுத்த அரை மாத்திரை,
பத்தரை மணிக்கு, தயிரில் மறைத்து.

போகும்போது கரண்ட் பில்லின் பின்பக்கம்
எழுதி வைத்துவிட்டுப் போனார்:
*முதல் ரெண்டு சும்மா பூ.
மூணுல விசில், அவளுக்கு ஆகாது.
அஞ்சு கொஞ்சம் அமைதி.
ஆறு பெருசு. கூடவே இரு.*

வெயில் தாழுமுன்பே நடத்திக் கூட்டிவந்தேன்.
பட்டையில் என் நம்பரை இன்னொரு தரம் படித்தேன்.
காவலாளி ராஃபத், கேட்காமலே
கேட்டைச் சீக்கிரம் பூட்டினார்.
போன வருஷம் விடிய விடிய
டார்ச்சோடு எங்களுடன் மணலில் அலைந்தவர்.

ஜன்னல் இல்லாத குளியலறை.
வாசலிடுக்கில் ஈரத்துண்டு.
வாஷிங் மெஷினில் ஒரு பழைய கம்பளி,
துவைக்க அல்ல, உறுமிக்கொண்டிருக்க.
தரையில் அவருடைய வெள்ளிக்கிழமை லுங்கி.
அதில் மருந்து வாசனை கிடையாது.

பன்னிரண்டு.
ஒன்றுமில்லை.
பன்னிரண்டு இரண்டு. மூன்று.
காலி மனையில் பையன்கள் ஏதோ கொளுத்த
சோளி என் மடியை மிதித்து ஏறி
குளியல்வாளிக்குப் பின்னால் போய்விட்டாள்.
அவரிடமிருந்து குரல்செய்தி:
"காத்து ஜாஸ்தி. பதினோரு நிமிஷம் லேட்டு."
அந்தக் குரலை நான்கு தரம் போட்டேன்.
ஒரு காது மட்டும் திரும்பியது.

பிறகு வந்தது.
தரை வழியாகத்தான் முதலில் வந்தது.
விசிலுக்கு லுங்கி நனைந்தது. பரவாயில்லை.
அவள் விலா என் உள்ளங்கையில்
தையல் மெஷின்போல் ஓடியது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பில்லைப் பார்த்துக்கொண்டு
நிமிஷம் எண்ணினேன்.
ஐந்து.
ஷாம்பு பாட்டில் அலமாரியிலிருந்து விழுந்தது.
ஆறு.
உள்ளங்கையில் ஏதோ ஈரமாகப் பட்டது.
நாக்கு.
ஈரலை எடுத்தாள்.
நடுங்கிக்கொண்டே மென்றாள்.
மென்று விழுங்கினாள்.

நாலு மணிக்கு வண்டி இறக்கிவிட்டது.
கீழே கார் கழுவும் குழாயில்
மூன்று தரம் சோப்புப் போட்டு,
உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து,
ராஃபத்தின் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறிவந்தார்.
ஆனாலும் நகக்கண்ணில் இருக்குமே.
சோளி ஒவ்வொரு விரலாக மோந்தாள்.
அவர் கையை அசைக்கவில்லை.
மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை.
வால் ஆடவில்லை. விலகிப்போகவும் இல்லை.

"எப்படி இருந்துச்சு?"
"ஆறாவது நிமிஷத்துல ஈரல் தின்னா."
அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.
"ஆறுலயா?"
"ஆறுலதான்."

காலையில் ஆளாளுக்கு அனுப்பியிருந்த வீடியோவை
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தோம்.
கடல்மேல் பூவும் பனைமரமும்.
அழகாகத்தான் இருக்கிறது.
அவர் பாதத்தின்மேல் தாடையை வைத்து
சோளி தூங்கிக்கொண்டிருந்தாள்.
இடதுபக்கம் ஒரு பச்சை
சரியாகப் பற்றவில்லை என்றார்.