பிறந்த இடம்

இங்கே மரங்கள் இருக்கின்றன.
எதையும் பார்க்க முடிவதில்லை.

எட்டாம் மாதமே விமானம் ஏற்றிவிட்டார்கள்.
குகாருக்கில் பிரசவம் பார்க்க ஆளில்லை.
யெல்லோநைஃப் விடுதியில்
இது நான்காவது வாரம்.
என்னோடு சேர்த்து ஆறு வயிறுகள்,
ஒரே தொலைக்காட்சி.

இரவில் லூசியன் கூப்பிடுவான்:
கடல் உறைந்துவிட்டது,
பனிவண்டியின் பெல்ட் அறுந்துவிட்டது,
சின்னவள் உன் தலையணையோடுதான் தூங்குகிறாள்.
பிறகு கைபேசியைச்
சன்னலுக்கு வெளியே நீட்டுவான்.
காற்று.
அதற்கும் நிமிடக் கணக்கில் காசு.

வலி இருக்கிறதா என்றாள் செவிலி.
புருவத்தை உயர்த்தினேன்.
மறுபடி கேட்டாள்.
மறுபடி உயர்த்தினேன்.
எங்கள் பக்கம் அதுதான் ஆமாம்.
மூக்கைச் சுருக்கினால் இல்லை.
தாளில் எழுதிக்கொண்டாள்:
பதில் இல்லை.

விடியுமுன் பிறந்தான்.
போன வருடம் பனிப்பிளவில் போன
என் அண்ணனின் பெயர் அவனுக்கு.
தூலிமாக்.
பெயர் வந்தால் ஆளும் வந்ததுதான்.
வந்துட்டியா அண்ணா என்றேன்,
பால் கொடுத்துக்கொண்டே.

மதியம் படிவம் வந்தது.
ஒரு கட்டத்தை ஏற்கெனவே நிரப்பியிருந்தார்கள்.
பிறந்த இடம்: யெல்லோநைஃப்.
அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

அண்ணன்
மூக்கைச் சுருக்கினான்.