வருமானச் சான்று

அரூர் வங்கிக் கிளையின் கதவு
என்னைவிட நாலு அங்குலம் சிறிசு.
குனிந்து நுழைந்தேன்.
டோக்கன் நாற்பத்தொன்று.
மாலத்தீவில் நான் போட்டிருந்த எண்.
எட்டுதான் கேட்பேன் எப்போதும்,
எந்த நாட்டிலும் அதை எனக்கு முன்பே
யாரோ ஒரு உள்ளூர்க்காரன் போட்டுக்கொண்டிருப்பான்.

வீட்டுக் கடன் பாரத்தில்
தொழில் என்று ஒரு கட்டம்.
கூடைப்பந்து என்று எழுதினேன்.
அதிகாரி சசிரேகா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"அது சரிங்க, வேலை?" என்றார்.

வேலைதாங்க.

பஹ்ரைனில் நாலு மாசம், சம்பளம் தினாரில்.
ஐந்தாவது நிமிஷம் இறக்கிப்
பதினோராவது நிமிஷம் உட்கார வைப்பார்கள்.
அந்த ஆறு நிமிஷத்துக்குள்
எதிரணியின் நல்ல ஆட்டக்காரனுக்குக்
கோபம் வரவழைக்க வேண்டும்.
கூடையில் போடுவதற்கு வேறு ஆள் இருந்தான்,
அவனுக்குத் தனி அறை.

மங்கோலியாவில் மைனஸ் இருபத்தெட்டு.
வேனில் வந்த பந்துகள் கல்லாக இறங்கும்,
தட்டினால் எழும்பாது.
முந்தின ராத்திரியே ஒன்றைப் போர்வைக்குள் வைத்துப்
படுத்துக்கொள்வேன்.
ஒப்பந்தத்தில் இது இல்லை.
தீர்த்தகிரி என்று சொல்ல வராமல்
மைக்காரர் கிரி என்று நிறுத்திக்கொண்டார்.
ஒரே ஒரு சனிக்கிழமை, கடைசி நொடியில்,
கைதவறிப் போட்டது உள்ளே விழுந்தபோது
இருநூறு பேர் கத்தினார்கள்:
கிரி, கிரி.
நான் மட்டும்
யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தேன்.

"ஸ்லிப் இருக்குங்களா?"

தாய்லாந்தில் காலையில் பயிற்சிக்குப் போனால்
அரங்கக் கதவில் புதுப் பூட்டு.
ஷூ உள்ளே,
மூணு மாசச் சம்பளமும் உள்ளே.
காவலாளி எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.
அதற்கு ஏதுங்க ஸ்லிப்?

சசிரேகா பேனாவால் மேசையைத் தட்டினார்.
தினார், துக்ரிக், பாட், ருஃபியா
என்று நான் அடுக்கிய தாள்களை
ஒருதரம் புரட்டினார்,
கல்யாண வீட்டில் மொய் நோட்டைப்
புரட்டுகிற மாதிரி.

அப்போது மாதேஸ்வரி பையைத் திறந்தாள்.
சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறாள்,
பதினாலாயிரத்து முந்நூறு,
ஆறு மாசத்துக்கு ஆறு தாள்,
ஒவ்வொன்றிலும் ஊதா முத்திரை.
சசிரேகா முகத்தில் முதல்முறையாக வெளிச்சம்.

"விண்ணப்பதாரர்னு என்னைப் போடுங்க,
இவரை இணைன்னு போட்டுக்கங்க" என்றாள்
என்னைப் பார்க்காமல்.
பதினோரு வருஷமாக
என்னை மாற்று ஆளாக இறக்கிய பயிற்சியாளர்கள் எவரும்
இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

கையெழுத்துக்குக் குனிகிற நேரம் போன் அடித்தது.
ஏஜென்ட்.
காட்மாண்டு, ஆறு வாரம்,
ஒருத்தன் கணுக்கால் போச்சு,
வெள்ளிக்கிழமை வந்துடணும்.
"முட்டி எப்படி இருக்கு?"
"சூப்பரா இருக்கு."
மேசைக்கு அடியில் அது
வண்டி ஏறிய பாலம் மாதிரி
முனகிக்கொண்டிருந்தது.

"பாதிப் பணம் முன்னாடியே கேளு" என்றாள்,
முத்திரைத் தாள்களைத் திரும்ப அடுக்கியபடி.
"பூட்டிட்டுப் போற கூட்டம்."

கேட்டேன்.
மூன்றில் ஒரு பங்கு என்றான்.
சரி என்றேன், வழக்கம்போல
அவன் சொல்லி முடிக்கும் முன்பே.

வெளியே ரவுண்டானாவில் வெயில்.
பெட்டிக்கடையில் உறைந்த மோர் பாக்கெட்
இரண்டு வாங்கினாள்.
ஒன்றைப் பல்லால் கடித்துக் குடித்தாள்.
மற்றதுக்கு நான் கையை நீட்டினேன்.
அவள் அதை என் முட்டிமேல் வைத்துத்
துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள்,
தருமபுரி பஸ் வரும்வரை
பேசவேயில்லை.
பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன்
அண்ணாந்து கேட்டான்:
"அண்ணா, நீங்க போலீஸா?"