ஏழு நிமிடம்

டனீடின் நகரத்து எட்டாம் எண் பஸ்
செயின்ட் கிளேர் கடற்கரையில் திரும்பி நிற்கும்.
ஏழு நிமிட இடைவேளை.
நோலீன் எஞ்சினை அணைப்பாள்.
ஸ்டியரிங்கின் மேல் நான்காய் மடித்த செய்தித்தாள்.
காதிடுக்கிலிருந்து பென்சில் இறங்கும்.

பேனா ஆகாது.
குறுக்கெழுத்தைப் பேனாவால் போடுகிறவர்கள்
தங்களைத் தாங்களே சந்தேகிக்காதவர்கள்,
அவர்களோடு ஒரு வீட்டில் இருக்க முடியாது என்பாள்.
இருந்து பார்த்தவள்.

அலை எழும்பிச் சுவரில் அறையும்.
அவள் நிமிர்வதில்லை.
குறுக்கே ஒன்பது:
ஷூ லேஸின் நுனியிலுள்ள சின்ன உறை.
அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஆக்லெட்.
அன்று முழுக்க, ஏறுகிற கால்களையே பார்த்தாள்.
பாதிப் பேருக்கு அது உதிர்ந்திருந்தது.
பெயர் தெரிந்த பிறகுதான்
இல்லாததும் கண்ணில் படுகிறது.

இசைக்குழு முழுவதற்கும் சுருதி கொடுப்பது ஓபோ.
ஆக்டோபசுக்கு இதயம் மூன்று.
கோழிக்கூண்டில் புகும் அதே ஸ்டோட்
பனியில் வெளுத்துவிட்டால் எர்மின்,
ராஜாக்களின் கழுத்துப் பட்டி.
இப்படிச் சில்லறையாய்ச் சேர்ந்த சொத்து.

"இவ்வளவு தெரிந்து என்ன செய்ய?
பஸ் மேடேறுமா?" என்பாள் வாயோலா,
ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரை துடைத்துவிட்டு
முதல் வண்டியில் ஏறுகிறவள்.
"ஏறாது.
சிவப்பு விளக்கில் எனக்குச் சலிக்காது."

கட்டம் கட்டுகிறவர்களுக்கு
உயிரெழுத்தின் மேல் பேராசை.
மெய்யை மட்டும் வைத்துக்கொண்டு
யாரும் குறுக்கே போய்விட முடியாது.
அதனால் வாரம் தவறாமல் மோவா வரும்.
மூன்றெழுத்தில் இரண்டு உயிர்,
என்றாலும் செத்துப்போன பறவை.
இறக்கைக்கு ஓர் எலும்புகூட இல்லாமல்
இந்தத் தீவிலேயே நடந்து,
இந்தத் தீவிலேயே தின்று தீர்க்கப்பட்டது.

ஆரே நதியும் வரும். நான்கில் மூன்று உயிர்.
'பெர்ன் நகரை வளைத்து ஓடுவது.'
பல் தேய்ப்பதுபோல எழுதிவிடுவாள்.
பதினோரு வருடம்.
ஒருமுறைகூட அதில் தண்ணீர் இருந்ததில்லை.

பிப்ரவரியில் ஒருத்தி ஏறினாள்,
தன்னைவிடப் பெரிய முதுகுப்பையோடு. ரெகுலா.
எந்த ஊர்?
பெர்ன்.
"ஆரே" என்றது நோலீனின் வாய், தானாக.

டிக்கெட்டை வாங்காமலே நின்றாள் அந்தப் பெண்.
பிறகு சொன்னாள்:
இப்போது அங்கே உறைபனி.
கோடையில், வேலை விட்டதும்,
சட்டையும் செருப்பும் நீர்புகாப் பையில் கட்டி
ஆற்றில் குதித்துவிடுவோம்.
நீந்தவே வேண்டாம், அதுவே கொண்டுபோகும்.
கரையோரம் சிவப்புக் கம்பி வரும்,
பிடித்து ஏற வேண்டும்.
என் அப்பா பேச்சு சுவாரசியத்தில் தவறவிடுவார்.
விட்டால் அடுத்த கம்பி.
உங்கள் பஸ் மாதிரிதான்.

அன்று எட்டாம் எண் இரண்டு நிமிடம் தாமதம்.

அடுத்த வியாழன், கீழே பதினேழு.
அதே குறிப்பு, அதே நான்கு கட்டம்.
பென்சில் காகிதத்தைத் தொடவில்லை.
முழங்கால் அளவு இறங்கியவள்
இடுப்புக்குத் தயங்குவதுபோல.
அப்புறம் எழுதினாள், ஒவ்வோர் எழுத்தாக,
குளிர்ச்சி பார்த்து.

ஒன்று மட்டும் பாக்கி.
மரத்தில் தலைகீழாய்த் தொங்கும்
மூவிரல் சோம்பல் விலங்கு, இரண்டெழுத்து.
எத்தனை முறை வந்தாலும் மறந்துபோவது.
ஓட்டுநருக்குப் பின்னிருக்கை என்னுடையது,
எனக்குத் தெரியும்.
என் மொழியில் எழுதினால் அது ஓரெழுத்து,
மிட்டாய் டப்பா திறந்ததும்
குழந்தை போடுகிற சத்தம்.
சொல்லவில்லை.

ஏழு நிமிடம் முடிந்தது.
காகிதம் டாஷ்போர்டுக்குப் போயிற்று.
கடல் பின்னால் போயிற்று.
ஆஸ்பத்திரி சிக்னலில்
விளக்கு பச்சையாகி, வண்டி நகரவில்லை.
பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.
நோலீன் காதிடுக்கில் பென்சிலைத் தேடுகிறாள்:

"ஐ!"