நாளுக்கு நான்கு விநாடி

நான் தாலின் நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
கோப்லி முனைக்கும் நகரத்துக்கும் போக வர
ஒரு நாளில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
என் மனைவி ரேலிகா
ஒரு நாளில் நான்கு விநாடி.

அதுவும் நல்ல நாளாக இருந்தால்.
விளக்குச் சூட்டில் மெழுகு வியர்த்துவிட்டால்
மூன்று.

செத்துப்போன ஒரு தபால்காரரை நடக்க வைப்பது
அவள் வேலை.
முழங்கை உயரம். மெழுகு முகம், கம்பி எலும்பு.
தாடை மட்டும் கழற்றி மாட்டலாம்:
'ஓ'வுக்கு ஒன்று, 'ம்'முக்கு ஒன்று,
அலறலுக்கு ஏழு.
அவர் காலை ஒரு நூலளவு நகர்த்துவாள்.
விலகுவாள். படமெடுப்பாள்.
மறுபடி ஒரு நூலளவு.
இப்படியே இரண்டு குளிர்காலம்.

இன்று நவம்பர். நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
ஆவிகள் வீடு திரும்பும் மாதம் என்பார்கள் எங்கள் நாட்டில்;
ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தம் குறைத்துப் பேசுவோம்.
குடும்பத்தோடு பேய்ப் படத்துக்குப் போவதும்
இந்த மாதம்தான்.
முன்வரிசை முழுக்கக் கம்பளித் தொப்பிகள்.
எங்களுக்குப் பின்னால் ஒரு கப்பல் மாலுமி,
இரட்டைப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு
பாப்கார்ன் வாளியைக் கேடயம்போலப் பிடித்திருக்கிறார்.

விளக்கணைந்தது.
தபால்காரர் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.
பையை உதறினார். ஒரு அந்துப்பூச்சி பறந்தது.
வெங்காயச் சருகுச் சிறகு;
எங்கள் சமையலறை வெங்காயம்.
கொடுக்காமல் விட்ட ஒரே ஒரு கடிதத்தோடு
தெருத் தெருவாய்க் கதவு தட்டினார்.
அவருடைய கோட்டை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.
போன வருஷம் முழுக்க நான் தேடிய ஜாக்கெட்!

மாலுமி கண்ணை மூடிக்கொண்டார்.
என் மகள் மிர்தெல், ஆறு வயது, மூடவில்லை.
"அப்பா, அங்கே காத்தே இல்லை.
அப்புறம் ஏன் கோட்டு நடுங்குது?"

நடுங்கத்தான் செய்தது.
அவர் சும்மா நிற்கும்போதும்
கம்பளி இழை இழையாய்ச் சிலிர்த்தது.
விரல் பட்ட தடம் அது, என்றேன்.
ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே
ஒரு கை உள்ளே வந்து
தொட்டுவிட்டுப் போய்விடும்.
நாம் பார்ப்பதெல்லாம் கை போன பிறகு.

"அப்போ அந்தக் கைதான் பேயா?"

டிராமில் இப்படிக் கேள்வி வந்தால்
அடுத்த நிறுத்தத்தை அறிவித்துவிடுவேன்.
இங்கே அதற்கு வழியில்லை.

இரண்டு குளிர்காலம்,
நாங்கள் தூங்கிய பின் வந்தாள், விழிக்குமுன் போனாள்.
காலையில் ஒற்றைச் சாக்ஸ் ஜோடி சேர்ந்திருக்கும்.
பால் பாத்திரம் அடுப்பிலிருந்து ஜன்னலோரம் நகர்ந்திருக்கும்.
மிர்தெலின் போர்வை கழுத்துவரை ஏறியிருக்கும்.
கோபத்தில் ஒரு ராத்திரி
குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினேன்:
'இந்த வீட்டில் யாராவது குடியிருக்கிறீர்களா?'
விடிந்து பார்த்தால், அதன் அடியில்
மெழுகு அப்பிய ஒரு கட்டைவிரல் ரேகை.
அதைக் கிழித்துப் போட்டேன். இப்போது சொல்வதற்கென்ன.

திரையில் கடைசிக் கதவு.
தபால்காரரின் கன்னம் அரங்களவு பெரிதாயிற்று.
மெழுகில் வட்ட வட்டமாய் ரேகை,
குறுக்கே ரொட்டிக் கத்தி வெட்டிய பழைய தழும்பின் கோடு.
தாடை திறந்தது. ஏழாவது அலறல்.
பிள்ளைகள் வீரிட்டார்கள், வீரிட்ட கையோடு சிரித்தார்கள்,
இன்னொரு தரம் வீரிட ஆசைப்பட்டு
நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.
"அம்மா விரல்," என்றாள் மிர்தெல், மெதுவாக.

அம்மா அவளுக்கு அந்தப் பக்கம்,
படம் தொடங்கிய நாலாவது நிமிஷத்திலிருந்து
தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து,
'ஓ'வுக்கான தாடை.
கழுத்து நடைபாதைப் பக்கம் சாய்ந்து தொங்கியது.

மிர்தெல் எழுந்து,
அந்தத் தலையை எங்கள் பக்கமாக
ஒரு நூலளவு நகர்த்தினாள்.
கையை எடுத்தாள். பார்த்தாள்.
மறுபடி ஒரு நூலளவு.