தொள்ளாயிரம் லிட்டர்

முதலில் தரையிடம் அனுமதி கேட்டோம்.
பொஹுமில், ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர்,
கூடத்தின் மூலையில் பூட்ஸ் காலோடு மூன்று முறை குதித்துவிட்டுச் சொன்னார்:
"ஒரு டன் தாங்கும். பியானோவை மட்டும் எடுத்துவிடுங்கள்."
பியானோ என்னுடையது.

பிர்னோவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும்
அரை நாள் ஓட்டினால்தான் கடல்.
எங்களுக்குக் கடல் என்றால் ஆகஸ்டில் பத்து நாள் குரோஷியா,
டப்பாவில் அடைத்த பொரித்த இறைச்சி,
உரியும் தோள்கள்.
ராதிமுக்கு அது போதவில்லை.

சமையலறைக் குழாயில் வடிகட்டி மாட்டினான்.
ஐந்து நாள் இரவும் பகலும் சொட்டியது.
ஒரு லிட்டர் தூய நீருக்கு மூன்று லிட்டர் கழிவு;
அதை வாளி வாளியாகப் பிடித்து
மூன்று மாடிப் படிகளையும் கழுவினேன்.
பிறகு உப்பு. முப்பத்திரண்டு கிலோ.
மானி முப்பத்தைந்தைத் தொடும்வரை
பழைய படகுத் துடுப்பால் கிளறினான்.
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
அவன் கைப்பட்டு
முதன்முறையாக உப்பு சரியாக இருந்தது.

பாறைகள் வியன்னாவிலிருந்து வந்தன,
தொட்டியைக் கலைத்துவிட்ட வால்ட்ராவ்ட் என்பவளிடமிருந்து,
ஈரச் செய்தித்தாளில் சுற்றி.
பின்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைத்தோம்.
"இதுதான் கடல் வாசனை" என்றான்.
ஏதோ செத்த வாசனை என்று நான் ஜன்னலை இறக்கினேன்.
இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது:
ஓர் உறைந்த இறாலை உள்ளே போட்டு அழுகவிட்டான்,
அந்த அழுகலைத் தின்று ஒன்று பிறக்கும்,
அதன் விஷத்தைத் தின்று இன்னொன்று.
கண்ணுக்குத் தெரியாத பந்தி.
ஆறு வாரம் மீனில்லை, பவளமில்லை.
தினமும் சோதனைக் குழாயை விளக்கில் பிடித்து
பச்சையா மஞ்சளா என்று என்னைக் கேட்பான்.
பியானோ இருந்த இடத்தில்
தண்ணீர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது, நீலமாக.

பழுப்புப் பாசி வந்தது, போனது.
நத்தைகள் வந்தன.
பிறகு, விளக்கணைந்த பின்,
டொக்.
கண்ணாடியை யாரோ சுண்டுவது போல.
காலையில் ஒரு நத்தையோடு காலி.
பாறைக்குள் ஒளிந்து, வாடகையின்றி, வியன்னாவிலிருந்தே வந்திருக்கிறது:
கும்பிடுபூச்சி போலக் கை மடித்த இறால்,
குத்தினால் சிப்பி தெறிக்கும்.
ராதிம் பாட்டிலை அறுத்துப் பொறி செய்தான்.
நத்தைகளை எண்ணிச் சுவரில் பென்சிலால் எழுதினான்.

ஜனவரியில் பனிமழை கம்பிகளை இழுத்துப் போட்டது.
அவனுக்கு இரவு டிராம்; எங்கோ பாலத்தின் மேல்
இருட்டில் நின்றுவிட்டான்.
"தண்ணீரை மொண்டு ஊற்று" என்றான் போனில்,
"உயரத்திலிருந்து, காற்று கலக்கும்படி, நிறுத்தாமல்."
சூப் கரண்டியில் தொடங்கி பால் ஜாடிக்கு மாறினேன்.
மொண்டேன், ஊற்றினேன்.
கை மரத்தது. ஸ்வெட்டர் முழங்கைவரை உப்பு.
போர்வை சுற்றிய தொட்டிக்குள் கோமாளி மீன் இரண்டும்
மேல்மட்டத்தில் வாய் திறந்து திறந்து மூட,
நான் திட்டிக்கொண்டே ஊற்றினேன்,
ராதிமை, பொஹுமிலை, குதித்தும் உடையாத தரையை.

நாலு மணி இருக்கும். டார்ச்சை வாயில் கவ்வியிருந்தேன்.
இடப்பக்கம், மூன்றாவது பாறை,
ஊதாப் படலத்துக்குக் கீழே விரலளவு துளை.
காம்பின் மேல் இரண்டு கண்கள்
தனித்தனியாகத் திரும்பி
என்னைப் பார்த்தன.
நான் நிறுத்தவில்லை. அதுவும் போகவில்லை.
மின்சாரம் வரும்வரை அப்படியே இருந்தோம்.

ஏழு மணிக்கு, மீசையில் பனியோடு ராதிம்.
மீன்களை எண்ணினான். பவளங்களை எண்ணினான்.
என் கையைப் பிடித்து முத்தமிட்டான், உப்புக் கரித்திருக்கும்.
"அது கண்ணில் பட்டதா?"
"இல்லை" என்றேன்.

தினமும் நாலு லிட்டர் காணாமல் போகிறது.
திரைச்சீலையில், ஜன்னலில், எங்கள் மூச்சில்.
நீர்தான் போகும், உப்பு தங்கிவிடும்,
அதனால் வெறும் நீரையே ஊற்ற வேண்டும் என்கிறான்.
ஊற்றுகிறேன்.
ஊற்றும்போது அவன் பொறியை
இரண்டு விரற்கடை வலப்பக்கம் தள்ளிவைக்கிறேன்.
சனிக்கிழமைகளில்
நத்தை வாங்கி வருகிறேன், என் காசில்.