வெறுவாய்

திங்களோடு வேலை முடிந்தது,
விமானம் புதன் இரவு.
நடுவில் ஒரு செவ்வாய்
கேட்பாரற்றுக் கிடந்தது.

ஆரஞ்சு நிறப் பாதையின் கடைசி நிலையம் ததேபோ.
அதற்கு மேல் ரயிலுக்கும் போக இடமில்லை.
படியேறி, பூங்காவைத் தாண்டி வந்தால்
கடலைக் காணோம்.
தண்ணீர் எங்கோ உள்வாங்கிப் போயிருந்தது,
வரிவரியாய் மணலை மட்டும் விட்டுவிட்டு.

இருபது குழந்தைகள், மஞ்சள் மேலங்கி,
ஒரே கயிற்றை ஆளுக்கொரு கையால் பிடித்தபடி
நண்டு வளைகளை எண்ணப் போனார்கள்.
ஆசிரியை ஊதலை ஊத, கயிறு திரும்பியது.
பிறகு நான்,
கைவீசி வேகமாக நடக்கும்
முகம் மறைத்த தொப்பிப் பெண்கள் இருவர்,
அக்டோபர் காற்று.

முக்கோணச் சோற்றின் உறையில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று உரிக்கும் வரிசை இருக்கிறது.
நான் மூன்றில் தொடங்கினேன்.
பாசித்தாள் ஒரு கையில், சோறு ஒரு கையில்,
நடுவில் இருந்த சூரை மீன் மடியில்.
பார்த்தவர் யாருமில்லை என்பது
அன்றைக்குக் கிடைத்த முதல் சலுகை.

நெய்தல் என்றால் இரங்க வேண்டும் என்று
பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.
முயன்று பார்த்தேன்.
யாரை நினைத்து என்பதில் தடுமாறி
ஷூவுக்குள் போன மணலைத் தட்டினேன்.

அப்போதுதான் அந்த மனிதர்.
காதில் ஹெட்போன், கையில் உலோகம் தேடும் கோல்,
கோலின் நுனியில் ஒரு தட்டு.
கடற்கரைக்கு இஸ்திரி போடுகிறார் என்றே நினைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை ஊர் தொலைப்பதைச்
செவ்வாய்க்கிழமை தோண்டுகிறவர்.
நின்று, குனிந்து, சல்லடைக் கரண்டியால் அள்ளி,
உதறி,
இடுப்பில் இருந்த இரண்டு பைகளில் ஒன்றில் போட்டார்.
எது எந்தப் பைக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஒன்றரை மணிக்கு மீன்சட்டிக் கடை.
கடைக்காரம்மா இரண்டு விரலைக் காட்டினார்:
சட்டி என்றால் இரண்டு பேருக்கு.
நான் ஒரு விரலைக் காட்டினேன்.
அவர் இரண்டு.
நான் ஒன்று.
ஏலக்காரர்கள் போல நின்றோம்.
செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள்;
அது சாப்பாட்டையும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

அவர் என் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்து
ஒரு பெயரைக் கத்தினார்:
"ப்யோங்சொக்!"
ஹெட்போனை மீறி எப்படிக் கேட்டதோ,
கோல் ஆடுவதை நிறுத்தியது.

இப்படித்தான் இரண்டு ஆனோம்.

கத்தரிக்கோலால் கீரைத்தண்டை வெட்டி
சட்டியில் உதிர்த்தார் கடைக்காரம்மா.
மீன்தலையை ப்யோங்சொக் என் பக்கம் திருப்பினார்,
நான் அவர் பக்கம் திருப்பினேன்,
கடைசியில் அது வாசலைப் பார்த்தபடி வெந்தது.

கைபேசியிடம் ஏதோ சொன்னார்.
அது அவரைத் தமிழாக்கி என்னிடம் கேட்டது:
"தாங்கள் தனிமையா அல்லது ஒற்றைப்படையா?"
இரண்டு முறை, அதே குரலில்.
வாய் நிறையச் சோறு. தலையை ஆட்டினேன்,
எதற்கு என்று தெரியாமல்.
அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

தன் பங்கை நாணயமாகக் கொடுத்தார், மணலோடு.
கடைக்காரம்மா திட்டிக்கொண்டே
அவற்றைக் குழாயில் கழுவினார்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

எற்பாடு. தண்ணீர் திரும்பி வந்து
மணலின் வரிகளில் புகுந்தது.
காலையில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில்
அவர் நின்றார்.
ஹெட்போனின் ஒரு காதை என்னிடம் நீட்டினார்.
விண் என்றது.
இருவரும் குனிந்தோம்.
ஒரு சோடா மூடி.
அதன்மேல்தான் அரைநாள் இருந்திருக்கிறேன்.

மூடியை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார்,
வலது பக்கப் பையில் போட்டார்.
அது குப்பைப் பையா என்று
நான் கேட்கவில்லை.